ஜி.டி.நாயுடு: ஒரு பழைய பைக்கில் தொடங்கி, உரிமம் கிடைக்காத 2,000 ரூபாய் காரில் நின்ற கதை

பட்ஜெட் சின்னது. ஆனா ஓட்டுறப்போ ஒரு துள்ளல் வேணும். இன்றைக்குப் பழைய கார் தேடும் இளைஞர்களில் பாதிப் பேரின் கணக்கு இதுதான். புது காரில் அந்தத் துள்ளல் பல லட்சம் கேட்கிறது. அதனால் பார்வை 1990கள், 2000களின் பக்கம் போகிறது. மாருதி ஜென், எஸ்டீம், ஃபோர்டு ஐகான், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, மிட்சுபிஷி லேன்சர், ஃபியட் பாலியோ என்று பட்டியல் நீளும். தேங்காய்ப்பட்டணம், புதுக்கடை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்கு எல்லை தாண்டினால் கேரளப் பதிவெண் வண்டிகளும் கிடைக்கும்.

புதுசு வாங்க வசதியில்லாமல் வேகமான ஒரு பழைய வண்டியைத் தேடிப் பிடித்தவர்களில், தமிழ்நாட்டில் அதிகம் அறியப்பட்டவர் கோவை ஜி.டி.நாயுடு. அவர் வாங்கியது காரல்ல, பைக். ஆனால் அந்த ஒற்றை வண்டியிலிருந்து பேருந்து, மோட்டார், கடைசியில் சொந்தமாக ஒரு இரண்டு இருக்கைக் கார் வரைக்கும் போனார். அந்த கார் ஏன் நம் சாலைக்கு வரவில்லை? இன்று நீங்கள் தேடும் பழைய ஸ்போர்ட்டி கார்களின் பட்டியல் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது? இரண்டு கேள்விக்கும் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் முகத்தில் மண்ணை வீசிவிட்டு ஓடி வந்தார் என்று ஒரு கதை இன்றும் கோவையில் சொல்லப்படுகிறது. எப்படியோ, ஆரம்பக் கல்வியோடு படிப்பு நின்றது.

பின்னாளில் எடிசனோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டவர், கல்லூரியின் முதல்வராகவே உட்கார்ந்தவர், பள்ளியைத் தாண்டாதவர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு வகுப்பறையாக இருந்தது வேறொன்று.

அந்தப் பழைய பைக் எப்படிக் கிடைத்தது?

இளைஞராக இருந்தபோது, கிராமத்துப் பக்கம் வந்த ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவதைப் பார்த்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறது என்பது அன்றைய கிராமத்துக்குப் பெரிய அதிசயம். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். நாயுடுவுக்கு அந்த வண்டியே வேண்டும் என்று தோன்றிவிட்டது.

கையில் பணமில்லை. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகள் காசு சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரியிடம் போய் அதே வண்டியை வாங்கினார். இன்றைய பேச்சில் சொன்னால், ஃபர்ஸ்ட் ஓனரிடமிருந்து நேரடியாக, புரோக்கர் இல்லாமல் செகண்ட் ஹேண்ட் வாங்கினார்.

அது ரட்ஜ் என்ற பிராண்ட். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த நிறுவனம், மோட்டார் சைக்கிளுக்கு மாறியிருந்த காலம் அது. 1914இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த சீனியர் டி.டி. பந்தயத்தில் ஜெயித்தது ரட்ஜ் வண்டிதான். அதாவது அந்தக் காலத்து அளவுகோலில் இது சும்மா வேலைக்குப் போய்வருகிற வண்டியில்லை. பந்தயத் தளத்தில் பெயர் வாங்கிய ஸ்போர்ட்டி பிராண்ட்.

வாங்கியதும் அவர் செய்த காரியம்தான் கதையின் மையம். ஓட்டிக் காட்டி ஊரை அசத்துவதோடு நிற்கவில்லை. வண்டியை முழுசாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்தார். திரும்ப மாட்டினார். மறுபடி கழற்றினார். சொல்லித்தர ஆளில்லை, படிக்கப் புத்தகமில்லை. வண்டியே பாடம். இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

புது வண்டியாக இருந்திருந்தால் ஒருவேளை அதைக் கழற்றத் துணிந்திருக்க மாட்டார். பழைய வண்டிக்கு இருக்கிற பெரிய சௌகரியமே அதுதான். விலை குறைவு என்பது பாதி லாபம். பயப்படாமல் கைவைக்கலாம் என்பது மீதிப் பாதி.

பைக்கிலிருந்து பேருந்து

நடுவில் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை வைத்து முதல் உலகப்போர் காலத்தில் நன்றாகச் சம்பாதித்தார். அந்தத் தைரியத்தில் பம்பாய் போய் பஞ்சு வியாபாரம் செய்து, சம்பாதித்ததைத் தொலைத்தார். திரும்பி வந்தபோது மறுபடி இயந்திரம்தான் கைகொடுத்தது.

கோவையின் தொழில் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவருடைய உதவியோடு 1920இல் ஒரு பேருந்தை வாங்கினார் நாயுடு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டியவர் வேறு யாருமல்ல, அவரேதான். முதலாளியும் அவர், டிரைவரும் அவர், வண்டி நின்றால் அடியில் படுக்கிற மெக்கானிக்கும் அவர்.

அங்கிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். என்ற பேருந்து நிறுவனம். சில ஆண்டுகளிலேயே நாட்டின் பெரிய, ஒழுங்காக இயங்கும் தனியார் பேருந்து நிறுவனங்களில் ஒன்றாக அது பெயரெடுத்தது. காரணம் எளிது. வண்டி ஏன் நிற்கும், எப்போது நிற்கும் என்பது முதலாளிக்கே தெரியும். பராமரிப்பு என்பது பழுதான பிறகு செய்கிற வேலை இல்லை, பழுதாகும் முன் செய்ய வேண்டியது என்பதை அவர் அந்த ரட்ஜிலேயே படித்துவிட்டார்.

ஒரு ஒப்பீடு. அப்போது தேங்காய்ப்பட்டணம் தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே 1938 பிப்ரவரியில் அரசே பேருந்து ஓட்டத் தொடங்கியது. கோவைப் பக்கமோ தனி ஆட்கள் கையில் பேருந்துத் தொழில் வளர்ந்தது. ஒர்க்‌ஷாப், லேத், பவுண்டரி, உதிரிபாகக் கடை என்று அந்த ஊரைச் சுற்றி ஒரு மெக்கானிக் பண்பாடே உருவானதில் இப்படிப்பட்ட தொழில்களுக்குப் பங்கு உண்டு.

கண்டுபிடிப்புகள் என்னென்ன?

1930களில் ஐரோப்பா போனார். ஜெர்மனியின் தொழிற்சாலைகள் அவரை ஈர்த்தன. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த சவரக் கருவியை உருவாக்கினார். அதன் பெயர் ரசான்ட். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு விறுவிறு வேகம் என்று பொருள். பைக்கில் பிடித்த வேகம் ஷேவிங் வரைக்கும் வந்துவிட்டது.

மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீள்கிறது. 1941இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று அறிவித்தார். விவசாயத்திலும் பருத்தி, பப்பாளி என்று சோதனைகள் செய்தார்.

இவற்றில் நீடித்த விளைவு தந்தது மின் மோட்டார். 1937இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, உள்நாட்டிலேயே மின் மோட்டாரை உருவாக்கினார்கள். பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர். இன்றைக்குத் தமிழ்நாட்டு விவசாயி கிணற்றில் இறக்குகிற பம்ப் செட்டில் கோவைப் பெயர் இருப்பதற்கான தொடக்கப் புள்ளிகளில் இது ஒன்று.

படிக்காதவர் கல்லூரி முதல்வரானது எப்படி?

1945இல் நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கியது. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர். அதன் முதல்வராகவும் நாயுடுவே இருந்தார். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின், அதாவது ஜி.சி.டி.யின் தொடக்கம் அதுதான்.

ஆனால் அரசோடு ஒத்துப்போகவில்லை. பொறியியலுக்கு நான்கு ஆண்டு தேவையில்லை, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் நிலைப்பாடு. வகுப்பில் உட்கார்வதைக் குறைத்து, இயந்திரத்தில் கைவைக்கும் நேரத்தைக் கூட்டினால் முடியும் என்று நினைத்தார். அரசு ஏற்கவில்லை. அவர் விலகினார்.

இதில் அவர் சொன்னது முழுக்கச் சரியென்று சொல்லிவிட முடியாது. பாலம் கட்டுகிறவருக்கும், மின் நிலையம் வடிவமைக்கிறவருக்கும் கணிதம் ஆழமாகத் தெரிய வேண்டும். அது கழற்றி மாட்டி வருவதில்லை. ஆனாலும் நான்கு ஆண்டு படித்துவிட்டு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் வெளியே வரும் நிலையை அவர் அன்றே பார்த்தார் என்பதை மறுக்க முடியாது.

அந்த 2,000 ரூபாய் கார் என்ன ஆச்சு?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 1952இல் நாயுடுவின் பட்டறையிலிருந்து பெட்ரோலில் ஓடும் இரண்டு இருக்கைக் கார் ஒன்று வெளியே வந்தது. சொன்ன விலை 2,000 ரூபாய். குடும்பக் காராக இல்லாமல், சின்னதாக, லேசாக, இருவர் மட்டும் போகிற கார். நடுத்தர வருமானக்காரர் எட்டிப்பிடிக்கக்கூடிய வண்டி.

அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்ய அரசின் உரிமம் வேண்டும். கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது.

ஏன் உரிமம் தேவைப்பட்டது? 1951இல் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. முக்கியமான தொழில்களில் யார், எதை, எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை அரசு தீர்மானிக்கும். லைசென்ஸ் ராஜ் என்று நாம் சொல்வது இதைத்தான். 1953இல் இன்னொரு முடிவு வந்தது. இந்தியாவிலேயே படிப்படியாக முழு காரையும் செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள், பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பதை நிறுத்த வேண்டும். அதையடுத்து ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவைவிட்டுக் கிளம்பின.

அரசுத் தரப்பில் காரணம் இல்லாமலில்லை. அந்நியச் செலாவணி குறைவு. இரும்புக்கும் உணவுக்குமே போதாத நாட்டில் கார் ஆடம்பரமாகத்தான் தெரிந்தது. இருக்கிற சில நிறுவனங்களைப் பிழைக்க வைத்தால் உதிரிபாகத் தொழில் வளரும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் கொஞ்சம் பலனும் கிடைத்தது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பட்டறையில் ஒரு கார் செய்வது வேறு, மாதம் ஆயிரம் கார் அதே விலையில் செய்வது வேறு. ஒரு லட்சம் ரூபாய் கார் என்று 2008இல் அறிமுகமான டாடா நானோ பெரிய நிறுவனத்தின் பலத்தோடு வந்தும் 2018இல் உற்பத்தி நின்றது. நாயுடுவின் கார் சந்தையில் ஜெயித்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தோற்றுப் பார்க்கும் வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை. இழப்பு அங்கேதான்.

அதற்கும் உங்கள் பழைய கார் தேடலுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் இருக்கு. இங்கிலாந்திலோ ஜப்பானிலோ ஒருவர் 1960கள், 70களின் மலிவான ஸ்போர்ட்ஸ் கார் தேடினால் டஜன் கணக்கில் பெயர்கள் வரும். இந்தியாவில்? பெரும்பாலும் மூன்றே குடும்பம்: இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், பிரீமியரின் ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். நாயுடுவின் காருக்கும் அதற்கும் இடையே 31 ஆண்டுகள். அந்த 31 ஆண்டில் இங்கே செய்யப்படாத கார்களைத்தான் இன்று நாம் பழைய சந்தையில் தேடிக் கிடைக்காமல் திரும்புகிறோம்.

வேகத்தின் மேல் ஆசைப்பட்டவர்கள் அதனால் இருப்பதை வைத்தே சமாளித்தார்கள். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் மாற்றியமைத்த ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின. கோவையில் நாயுடு வளர்த்த அதே மெக்கானிக் பண்பாட்டிலிருந்து எஸ்.கரிவர்தன் வந்தார். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த அவர், மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, பந்தயத்தின் செலவைக் குறைத்தார். 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டிப் பழகியது இந்த வகைக் காரில்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1991இல் பொருளாதாரம் திறந்த பிறகுதான் காட்சி மாறியது. அடுத்த பத்தாண்டில் வந்த கார்கள்தான் இன்றைய மலிவு ஸ்போர்ட்டி பட்டியல். 1993இல் ஜென், அடுத்த ஆண்டே எஸ்டீம். 1998இல் ஹோண்டா சிட்டியும் லேன்சரும். 1999இல் ஐகான். 2001இல் பாலியோ. இதில் லேன்சர் திருவள்ளூரிலும், ஐகான் மறைமலை நகரிலும் தயாரானவை. உரிமம் கிடைக்காமல் ஒரு காரை இழந்த அதே தமிழ்நாடு, கார் தொழிலின் தலைநகரானது.

நாயுடு மாதிரி பழைய வண்டி பார்ப்பது எப்படி?

அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்றே: வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள், திறந்து சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். அதை இன்றைய நிலைக்குப் பிரித்துச் சொன்னால்:

1. உதிரிபாகம் முதலில், கார் பிறகு. மாருதி பழைய மாடல்களுக்குப் பாகம் ஓரளவு எளிது. மிட்சுபிஷி லேன்சருக்குச் சிரமம். ஃபோர்டு இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்துவிட்டது, ஃபியட்டும் போய்விட்டது. காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஹெட்லைட், கிளட்ச், சஸ்பென்ஷன் பாகம் கிடைக்குமா, என்ன விலை என்று கடையில் கேளுங்கள். இதை விட்டால் மலிவாக வாங்கின வண்டி ஷெட்டிலேயே நிற்கும்.

2. உப்பைப் பாருங்கள். தேங்காய்ப்பட்டணம் மாதிரி கடலோர ஊரில் நின்ற காருக்கு என்ஜினைவிட பெரிய எதிரி துரு. மேல் பெயின்ட்டு பளபளன்னு இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி தரையைப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, கதவின் அடிவிளிம்பு, சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்கள் மூன்றும் முக்கியம். ஒரு சின்ன காந்தம் கொண்டுபோங்கள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை என்றால் அடியில் பட்டி இருக்கிறது.

3. ஆறிய என்ஜினில் ஸ்டார்ட் பண்ணுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. நிற்காமல் வெள்ளைப் புகை வந்தாலோ, ஆயில் மூடிக்குள் பால் கலந்தது போல இருந்தாலோ, கூலன்ட் உள்ளே போகிறது.

4. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். அது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, என்ஜினே போய்விடும். பில் இல்லையா, வாங்கியதும் மாற்றுகிற செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. மாற்றியமைத்த வண்டி என்றால் ஜாக்கிரதை. ஸ்போர்ட்டி பழைய கார்களில் சத்தமான சைலன்ஸர், தாழ்த்திய சஸ்பென்ஷன், மாற்றிய என்ஜின் சகஜம். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படையை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் நீங்களே வண்டியில் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

கேரள வண்டி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா பேப்பர் வேலை இருக்கு. களியக்காவிளையைத் தாண்டி நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ வாங்கினால், அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. வாங்க வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் அது ஆர்.சி.யில் நீக்கப்பட்டிருக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவெண் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இந்த மாநிலப் பதிவெண் எடுக்க வேண்டும் என்பது சட்டம். தேங்காய்ப்பட்டணம்காரர்களுக்கு அது மார்த்தாண்டத்தின் டி.என். 75. அதோடு தமிழ்நாட்டுச் சாலை வரியும் கட்ட வேண்டும். எனவே எல்லை தாண்டிக் கிடைக்கிற மலிவு, வரியும் கட்டணமும் சேர்ந்த பிறகும் மலிவுதானா என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வயதும் கணக்கில் வரும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு தகுதிச் சோதனை முடித்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. பசுமை வரி தனி. 1999 ஐகானோ 1998 சிட்டியோ தேடுகிறவர்கள் இதை மாதாந்திரச் செலவு போலவே நினைத்து ஒதுக்கி வைக்க வேண்டும்.

கடைசிக் காலமும் இன்றைய மிச்சமும்

நாயுடு 1944லேயே மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கி, ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலம் என்று நன்கொடைகளை அறிவித்தார். அரசோடும் வரியோடும் கடைசி வரை அவருக்கு உரசல் இருந்தது. 1967இல் அவர் பெயரில் தொழில் கண்காட்சி அமைக்கப்பட்டது. 1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் காலமானார்.

கோவை அவிநாசி சாலையில் அவர் குடும்பத்தின் அறக்கட்டளை நடத்தும் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. பல நாடுகளின் பல காலத்துக் கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்க்கலாம். விலை குறைந்த சின்ன கார்களை ஒவ்வொரு நாடும் எப்படி யோசித்தது என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

இன்று நமக்கு உரிமம் ஒரு தடையில்லை. தடை வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. புது கார்களில் என்ஜினைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி, அதன் கீழே கம்ப்யூட்டர், அதைப் படிக்கத் தனிக் கருவி. வீட்டு முற்றத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்து ஒரு காரைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பைக் கொஞ்சமாவது தருவது 1990களின் கார்கள்தான். அப்படி ஒன்று சரியான பேப்பரோடு, துரு இல்லாமல், பாகம் கிடைக்கிற மாடலாக அமைந்தால் வாங்குங்கள். வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோய், அவர் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் காரைப் பற்றித் தெரிந்துகொள்வது, அடுத்த பல வருடச் செலவைக் குறைக்கும்.